பள்ளியும் ஹள்ளியும்

பெங்களூர் நகரத்துப் பேருந்துகளின் முகப்பில் எழுதப்பட்டிருக்கும் ஊர்ப்பெயர்களைப் படித்து வருவோர், அவற்றுள் பல ‘ஹள்ளி’ என்னும் ஈற்றைப் பெற்று நிற்பதைக் காணலாம். மாரத்தஹள்ளி, ஜாலஹள்ளி, தாசரஹள்ளி, கொடிகேஹள்ளி என அவ்வரிசை நீண்டு செல்கிறது. தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே குடியேறியவர்களுக்கு இவ்வீறு முற்றிலும் அயலானதாகத் தோன்றுவதில்லை. திருச்சிராப்பள்ளியை அறிந்த காதுக்கு அது ‘பள்ளி’யின் உறவு என்பது எளிதில் விளங்கிவிடுகிறது. ஆனால் உறவு விளங்கிய மாத்திரத்தில் ஒரு வழக்கும் எழுந்துவிடுகிறது. ‘பள்ளி என்ற நம் சொல்லைக் கன்னடர் சிதைத்து ஹள்ளி ஆக்கினர், பொருளையும் மாற்றிவிட்டனர்’ என்பர் தமிழருள் ஒரு சாரார். ‘ஹள்ளி என்றால் சிற்றூர், அதனைத் தமிழர் பாடசாலைக்குப் பெயராக வைத்துக்கொண்டது விந்தையே’ என்பர் கன்னடருள் ஒரு சாரார். அலுவலகத்து உணவு வேளையிலும் அண்டை வீட்டு வாயிலிலும் இவ்வழக்கு விளையாட்டாகத் தொடங்கும். சில வேளைகளில் அது விளையாட்டாக முடிவதில்லை.

இவ்வழக்கைத் தீர்க்கப் புகுமுன், அதற்கு அடிப்படையாக உள்ள வினா ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். ஒரு சொல் தன் பொருளை எவ்வாறு சுமக்கிறது? சொல்லின் ஒலியிலேயே பொருள் உறைந்து கிடக்கிறதா? அன்றி, அச்சொல்லை வழங்கும் மக்களின் உடன்பாட்டிலே அது நிற்கிறதா? இவ்வினா இன்று நேற்று எழுந்ததன்று. தமிழ் இலக்கணிகள் இதனைப் பன்னூறு ஆண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தனர். அவ்வாராய்ச்சியில் நாம் வாழும் இக்கன்னட நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு.

நன்னூலை இயற்றிய பவணந்தி முனிவரை ஆதரித்தவன் சீயகங்கன் என்னும் சிற்றரசன். மூன்றாம் குலோத்துங்க சோழன் காலத்தில் வாழ்ந்த அவன், ‘குவளாலபுர பரமேசுவரன்’ என்ற பட்டத்தைத் தாங்கியவன். குவளாலபுரம் என்பது பெங்களூருக்குக் கிழக்கே உள்ள கோலார் நகரமே. கங்கர் குலத்துக்கு உரிய அப்பட்டத்தைப் பூண்ட ஒருவனது ஆதரவில், ஏறக்குறைய எண்ணூறு ஆண்டுகளுக்கு முன் எழுந்த நூல் நன்னூல். அந்நூல் பெயர்ச்சொற்களை இடுகுறி என்றும் காரணம் என்றும் வகுக்கிறது. ‘மரம்’ என்ற பெயருக்கு உரைக்கத்தக்க காரணம் யாதும் இல்லை. முன்னோர் இட்டனர், நாம் வழங்குகிறோம். எனவே அது இடுகுறி. ‘பறவை’ என்ற பெயருக்குப் பறத்தலாகிய காரணம் வெளிப்படை. எனவே அது காரணப்பெயர்.

பின்வந்த இலக்கணிகள் இன்னும் ஒரு படி மேலே சென்றனர். ‘நாற்காலி’ என்ற சொல்லை நோக்குக. நான்கு கால் உடையது என்னும் காரணம் அதில் உண்டு. ஆயினும் பசுவுக்கும் நான்கு கால்; யானைக்கும் நான்கு கால்; அவற்றை நாம் நாற்காலி என்று சொல்வதில்லை. காரணம் இருந்தும், அப்பெயர் இன்ன பொருளுக்கே உரியது என்று வரையறுப்பது மக்கள் வழக்கு. இத்தகையவற்றைக் காரண இடுகுறி என்றனர். ஆகவே, காரணம் உள்ள பெயரிலும் இறுதித் தீர்ப்பை உரைப்பது வழக்கே என்பது அவர்கள் கண்ட உண்மை. ஸ்விட்சர்லாந்து நாட்டு மொழியறிஞர் பெர்டினாண்ட் த சொசூர், ஒலிக்கும் பொருளுக்கும் உள்ள பிணைப்பு இயற்கையால் அமைந்ததன்று, சமுதாய வழக்கால் அமைந்தது என்று விரிவுரை நிகழ்த்தினார். அவர் மறைந்த பின் 1916-ஆம் ஆண்டில் அவ்விரிவுரைகள் நூலாக வெளிவந்து, உலகெங்கும் மொழிநூலின் போக்கையே மாற்றின. இடுகுறி என்னும் சொல்லைப் பள்ளிப் பருவத்திலேயே கற்ற தமிழ் மாணவனுக்கு அக்கருத்து முற்றிலும் புதியதாகத் தோன்றியிராது.

தொல்காப்பியர் நன்னூலாருக்கு மிக முற்பட்டவர். எல்லாச் சொல்லும் பொருள் குறித்தே நிற்கின்றன என்று கூறிய அவரே, ஒரு சொல் இன்ன பொருளை உணர்த்துவதற்குரிய காரணம் பார்த்த அளவில் புலப்படாது என்றும் எச்சரித்தார். காரணமே இல்லை என்று அவர் கூறவில்லை. அது மேலெழுந்தவாரியாகத் தெரிவதன்று என்பதே அவர் கருத்து. இந்த எச்சரிக்கையை மறந்தவர்கள் சொல்லுக்குத் தாமே காரணம் கற்பிக்கத் தலைப்படுகின்றனர். அதற்குச் சான்று தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை; நாம் வாழும் நகரின் பெயரே போதும்.

ஹொய்சள வேந்தன் வீரவல்லாளன் வேட்டையாடி வழிதப்பி அலைந்தபோது, ஒரு மூதாட்டி அவித்த பயற்றைத் தந்து அவன் பசி தீர்த்தாள் என்றும், அதனால் அவ்விடத்துக்குப் ‘பெந்தகாளூரு’, அதாவது வெந்த பயற்றின் ஊர் என்று அவன் பெயரிட்டான் என்றும், அதுவே பெங்களூரு ஆயிற்று என்றும் ஒரு கதை வழங்குகிறது. கதை சுவையானது, ஒலியும் ஒத்து வருகிறது. ஆனால் இந்நகரின் தெற்கே பேகூர் நாகேசுவரர் கோயிலில் உள்ள பழங்கன்னடக் கல்வெட்டொன்று ‘பெங்களூர்’ப் போரைக் குறிப்பிடுகிறது. அக்கல்வெட்டின் காலம் கி.பி. 890-ஐ ஒட்டியது என்பர் ஆராய்ச்சியாளர். கதையில் வரும் இரண்டாம் வீரவல்லாளன் ஆண்டதோ 1173 முதல் 1220 வரை. அரசன் பிறப்பதற்குப் பல தலைமுறைகளுக்கு முன்பே ஊரின் பெயர் கல்லில் ஏறிவிட்டது. சொல்லின் பொருளை ஒலியொப்புமை ஒன்றைக் கொண்டே முடிவு செய்தால் எத்துணைத் தவறு நேரும் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டாகும்.

கல்வெட்டுகள் இன்னொன்றையும் நமக்குக் கற்பிக்கின்றன. மடிவாளம் சோமேசுவரர் கோயிலில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றுள் 1247-ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று, பெங்களூர்ப் பேரேரியின் கீழுள்ள நிலத்தைத் தானம் செய்த செய்தியைக் கூறுகிறது. அதில் இந்நகரின் பெயர் வகரத்தை முதலாகக் கொண்டு எழுதப்பட்டிருக்கிறது. பேகூரும் அதில் வேப்பூர் என்றே காணப்படுகிறது. இதனைக் கல்தச்சனின் பிழை எனக் கருதலாகாது. தமிழில் சொல்லின் முதலில் வகரம் நிற்குமிடத்தில், கன்னடத்தில் மெல்லோசைப் பகரம் நிற்பது பெருவழக்கு. தமிழில் வேலி, கன்னடத்தில் பேலி. தமிழில் வெல்லம், கன்னடத்தில் பெல்ல. தமிழில் வேர், கன்னடத்தில் பேரு. கல்வெட்டை எழுதுவித்த தமிழர், கன்னட ஊர்ப்பெயர்களைத் தம் மொழியின் ஒலிக்கேற்ப எழுதினர். அவ்வாறே, தொம்மலூர்ச் சொக்கநாதர் கோயில் தமிழ்க் கல்வெட்டொன்றில் ‘ஜலப்பள்ளி’ என்று ஓர் ஊர்ப்பெயர் வருகிறது. கன்னட நாவில் ஹள்ளி என்று ஒலிக்கும் இடத்தில் தமிழ் எழுத்து பள்ளி என்றே பதிந்தது. எழுநூறு ஆண்டுகளுக்கு முன் இம்மண்ணில் இரு மொழியாரும் அருகருகே வாழ்ந்து, ஒருவர் சொல்லை மற்றவர் தத்தம் ஒலியில் வழங்கினர் என்பதற்கு இக்கற்களே சாட்சி.

இனி, பள்ளி ஹள்ளியான வரலாற்றைக் காண்போம். தமிழில் பகரத்தை முதலாகக் கொண்ட சொற்கள் பலவற்றுக்கு நேராகக் கன்னடத்தில் ஹகரம் நிற்கிறது. பால், ஹாலு, பூ, ஹூ, பத்து, ஹத்து, பல், ஹல்லு, புலி, ஹுலி, பணம், ஹண. பழங்கன்னடத்தில் இச்சொற்கள் பகரத்தோடுதான் வழங்கின. பத்தாம் நூற்றாண்டை ஒட்டித் தோன்றிய மாற்றம் மெல்ல மெல்லப் பரவி, பதினான்காம் நூற்றாண்டளவில் பெரும்பாலும் நிலைபெற்றது. ஒருவர் விரும்பி ஒரு சொல்லைச் சிதைத்தார் என்றால் அச்சொல் ஒன்றே மாறியிருக்கும். இங்கே ஓர் ஒலி, சொல்லின் முதலில் வந்த இடங்களில் எல்லாம் ஒரே முறையாக மாறியிருக்கிறது. இத்தகைய முறையான மாற்றத்தை மொழிநூலார் ஒலிவிதி என்பர். அது எந்த மொழிக்கும் இழுக்கன்று.

அன்றியும், சிதைத்தவர் யார் என்று வழக்குத் தொடுக்கப் புகுந்தால், தமிழரும் குற்றவாளிக் கூண்டில் ஏற வேண்டியிருக்கும். தமிழில் செவி, கன்னடத்தில் கிவி. தமிழில் செம்மை, கன்னடத்தில் கெம்பு. இவற்றுள் ககர வடிவமே முந்தையது என்றும், தமிழில் அது இகர, எகரங்களின் முன் சகரமாகத் திரிந்தது என்றும் ஒப்பிலக்கண அறிஞர் நிறுவியுள்ளனர். 1537-ஆம் ஆண்டில் பெங்களூர்க் கோட்டையை எழுப்பிய கெம்பே கௌடரின் பெயரிலே, தமிழ் இழந்துவிட்ட பழைய ககரம் இன்றும் ஒலித்துக்கொண்டிருக்கிறது. ஒன்றைக் கன்னடம் மாற்றியது. மற்றொன்றைத் தமிழ் மாற்றியது. ஒரு தாய் வயிற்றில் பிறந்த இருவர், தாயின் உடைமைகளுள் வேறு வேறானவற்றைக் காத்து வந்தனர் என்பதே உண்மை.

ஒலி இவ்வாறு பிரிந்ததென்றால், பொருள் எவ்வாறு பிரிந்தது? பள்ளி என்ற சொல்லின் பழம்பொருள் தங்குமிடம், படுக்குமிடம் என்பதைச் சுற்றி அமைந்தது. பள்ளியறை, பள்ளியெழுச்சி, பள்ளிகொள்ளுதல் என்ற தொடர்களில் அப்பொருள் இன்றும் விளங்குகிறது. மதுரைக்கு அருகே மாங்குளத்து மலைக்குகைகளில், கிறிஸ்துவுக்கு முற்பட்ட காலத்துத் தமிழ்ப் பிராமி எழுத்தில், சமணத் துறவியரின் உறைவிடம் ‘பளிய்’ என்று பொறிக்கப்பட்டிருக்கிறது. துறவியர் தங்கிய இடம் கல்வி பயிலும் இடமாகவும் ஆகவே, அப்பெயர் பாடசாலைக்கு வந்து சேர்ந்தது என்பது அறிஞர் பலர் கருத்து. மலையாள நாட்டில் அதே சொல் கிறித்தவர் கோயிலுக்கும் முகம்மதியர் தொழுகையிடத்துக்கும் பெயராயிற்று. தமிழிலும் பள்ளிவாசல் என்கிறோம். கன்னட நாட்டிலோ தங்குமிடம் குடியிருப்பாகி, குடியிருப்பு சிற்றூராகி, ஹள்ளி என நிலைத்தது. தமிழ்நாட்டு ஊர்ப்பெயர்கள் பலவற்றிலும் பள்ளி சிற்றூர் என்ற பொருளில் நிற்பதைக் காணலாம். ஆகவே ஹள்ளி என்பதன் பொருள் தமிழுக்கு அயலானதன்று. தமிழ் ஊர்ப்பெயரில் மட்டும் காத்து, பேச்சில் கைவிட்ட பொருள் அது.

இவ்வுறவைக் கண்டு உலகுக்கு உரைத்தவர்களின் வரலாறும் அறியத்தக்கது. சென்னையில் கலெக்டராக இருந்த பிரான்சிஸ் ஒயிட் எல்லிஸ், 1816-ஆம் ஆண்டில் கேம்பெல் என்பார் வெளியிட்ட தெலுங்கு இலக்கண நூலுக்கு ஒரு குறிப்புரை எழுதினார். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மொழிகளின் வேர்ச்சொற்களை அதில் வரிசைப்படுத்தி, இவை தமக்குள் ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை என்று காட்டினார். 1856-ஆம் ஆண்டில் கால்டுவெல்லின் ஒப்பிலக்கணம் வெளிவந்தது. கன்னடத்துக்கு வாய்த்தவர் ஜெர்மானியப் பாதிரியாரான பெர்டினாண்ட் கிட்டெல். 1853-ஆம் ஆண்டில் இந்நாட்டுக்கு வந்த அவர், நெடுங்கால உழைப்பின் பயனாக, ஏறத்தாழ எழுபதாயிரம் சொற்களைக் கொண்ட கன்னட - ஆங்கில அகராதியை 1894-இல் மங்களூரில் வெளியிட்டார். கன்னடச் சொல்லுக்கு அருகிலேயே அதற்கு இனமான தமிழ், தெலுங்கு, மலையாளச் சொற்களையும் அவர் பொறித்து வைத்தார். பெங்களூர் மகாத்மா காந்தி சாலையில் அவருக்குச் சிலை உண்டு. அச்சாலையில் செல்லும் தமிழரும் அவருக்கு நன்றி பாராட்டக் கடமைப்பட்டவர்களே.

தமிழில் சொற்பொருளைத் தொகுக்கும் முயற்சி இவர்களுக்கு நெடுங்காலம் முன்னரே தொடங்கிற்று. திவாகரம், பிங்கலம், சூடாமணி என்பன செய்யுளில் அமைந்த நிகண்டுகள். திவாகரத்தின் பதினொன்றாம் தொகுதி, ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களைத் தொகுத்துரைப்பது. ஒரு சொல் ஒரு பொருளை மட்டும் சுமப்பதன்று என்பதை ஆசிரியர்கள் அறிந்து, மாணவர் மனப்பாடம் செய்யும்படி அமைத்தனர். வீரமாமுனிவர் 1732-இல் சதுரகராதியை இயற்றி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவாக்கி, சொற்களை அகர வரிசையில் நிறுத்தினார். அதனால் சொல்லைத் தேடுவது எளிதாயிற்று. ஆயினும் ஒரு பொருள் எக்காலத்தில் எவ்விடத்தில் வழங்கியது என்பதை நிகண்டு கூறுவதில்லை. பழையதும் புதியதும் அதில் ஒரே வரியில் அடுத்தடுத்து நிற்கும்.

அக்குறையைப் போக்க முயன்றது சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்ஸிகன். 1913-ஆம் ஆண்டில் சாண்ட்லர் பாதிரியாரைப் பதிப்பாசிரியராகக் கொண்டு தொடங்கிய பணி, பின்னர் வையாபுரிப் பிள்ளையின் தலைமையில் நடந்து, 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக நிறைவெய்தியது. இலட்சத்துக்கு மேற்பட்ட சொற்களுக்கு அது பொருள் கூறுகிறது; இலக்கியத்திலிருந்து மேற்கோள் காட்டுகிறது; இனமொழிச் சொற்களையும் சுட்டுகிறது. பெங்களூரில் 1915-இல் தோன்றிய கன்னட சாகித்திய பரிஷத்து, அவ்வாறே மேற்கோள்களோடு கூடிய கன்னட நிகண்டை எட்டுத் தொகுதிகளாக வெளியிட்டது. முதல் தொகுதி 1970-இலும் இறுதித் தொகுதி 1995-இலும் வந்தன. அப்பணியில் நெடுங்காலம் தலைமை தாங்கியவர் வெங்கடசுப்பையா. இவற்றுக்கிடையே 1961-ஆம் ஆண்டில் பர்ரோ, எமெனோ என்னும் இரு அறிஞர்கள் திராவிட மொழிகளின் சொற்பிறப்பு அகராதியை வெளியிட்டனர். 1984-இல் அதன் திருந்திய பதிப்பு வந்தது. பள்ளி, ஹள்ளி, பல்லெ என்பன அங்கே ஒரே பதிவின் கீழ் உடன்பிறந்தார் போல் அமர்ந்திருக்கின்றன.

இவ்வகராதிகள் வெளிப்படுத்தும் உறவுகளுள் மிக அரியதொன்றை இங்குக் கூறுவது பொருந்தும். கன்னடத்தில் ‘சொல்’ என்பதற்குரிய பெயர் ‘மாத்து’; அதில் வரும் தகரம் வல்லோசையுடைய ஒற்றைத் தகரம். அச்சொல் தமிழில் எங்கே உள்ளது? தமிழில் றகரம் இரட்டித்து வருமிடத்தில் கன்னடம் தகரத்தைக் கொள்ளும். கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் ஏற்றம் அங்கே ‘ஏத்த’. நாற்றம் அங்கே ‘நாத்த’. நம் நாட்டுப்புறத்தாரும் ஏத்தம், நாத்தம் என்றே பேசுகின்றனர். அம்முறைப்படி ‘மாத்து’ என்பதற்குத் தமிழ் இணை ‘மாற்றம்’. இன்று மாற்றம் என்றால் வேறுபாடு என்றே பொருள் கொள்கிறோம். ஆனால் பழைய இலக்கியத்திலும் கம்பராமாயணத்திலும் மாற்றம் என்பது சொல் என்றும் மறுமொழி என்றும் பொருள்பட வழங்கியது. ஒருவர் கூறியதற்கு மாறாகப் பெறுவது மாற்றம், அதுவே உரையாடலில் மறுமொழி, மறுமொழியே சொல். தமிழர் மறந்த அப்பொருளைப் பெங்களூர்ச் சந்தையில் காய்கறி விற்கும் கன்னடப் பெண்மணி நாள்தோறும் வழங்கி வருகிறார். கம்பனைக் கற்கும் தமிழ் மாணவன் ‘மாற்றம்’ என்ற இடத்தில் மயங்கினால், அண்டை வீட்டாரின் பேச்சே அவனுக்கு உரையாசிரியர் ஆகலாம்.

இதுவரை கூறியவை தாய்வழி உறவுள்ள சொற்கள். வெளியிலிருந்து வந்த சொற்களும் இந்நாட்டு மொழிகளில் வேறு வேறு பொருளைச் சுமக்கின்றன. மத்திய அரசு அலுவலகங்களில் மொழிபெயர்ப்புப் பணி புரியும் என்போன்றோர்க்கு இது அன்றாட அனுபவம். ‘அவகாசம்’ என்ற வடசொல்லை எடுத்துக்கொள்வோம். அதன் மூலப்பொருள் இடைவெளி. தமிழில் அது காலத்தின் இடைவெளியாகி, ஒரு செயலுக்குத் தரும் நேரத்தைக் குறிக்கிறது. கன்னடத்தில் வாய்ப்பு என்று பொருள்படுகிறது. இந்தியில் ‘அவகாஷ்’ என்றால் அலுவலக விடுமுறை. மலையாளத்தில் அவகாசம் என்பது உரிமை. அவகாசம் கேட்டு ஒரே அலுவலகத்தில் நால்வர் விண்ணப்பித்தால், தமிழர் நேரம் வேண்டுவார். கன்னடர் வாய்ப்பு வேண்டுவார். இந்திக்காரர் விடுமுறை வேண்டுவார். மலையாளி தம் உரிமையை வேண்டுவார்.

‘சிட்சை’ என்ற சொல்லும் இத்தகையதே. வடமொழியில் அது கற்பித்தலைக் குறிக்கும். இந்தியில் இன்றும் கல்வி என்ற பொருளிலேயே வழங்குகிறது. தமிழிலும் கன்னடத்திலும் தண்டனை என்னும் பொருள் மேலோங்கிவிட்டது. கற்பித்தல் திருத்துதலாகி, திருத்துதல் தண்டித்தலாகிய வழியை ஊகிப்பது கடினமன்று. ஆயினும் இந்திச் சுற்றறிக்கையில் உள்ள கல்வித்துறையின் பெயரை ஒலி நோக்கி மட்டும் தமிழாக்கினால், அது தண்டனைத் துறையாகிவிடும்.

பாரசீக வழி வந்த ‘ராஜினாமா’வின் கதை இன்னும் நுட்பமானது. ராஜி என்றால் சம்மதம். நாமா என்றால் பத்திரம். இந்தியில் அது இரு தரப்பாரும் சம்மதித்து எழுதிய உடன்படிக்கையைக் குறிக்கும். தமிழிலும் வழக்காளிகள் ராஜியாகப் போயினர் என்கிறோம். ஆனால் ராஜினாமா என்றால் தமிழிலும் கன்னடத்திலும் பதவி விலகல். பழைய பம்பாய் மாகாணத்து நிலவரி முறையில், தன் நிலத்தைச் சம்மதித்து விட்டுக்கொடுக்கும் குடியானவன் எழுதித் தந்த பத்திரத்துக்கு ராஜினாமா என்றும், அதனை ஏற்பவன் எழுதித் தந்ததற்குக் கபூலியத்து என்றும் பெயர். நிலத்தை விடுவதற்கு எழுதிய பத்திரத்தின் பெயர், பதவியை விடுவதற்கு எழுதும் கடிதத்துக்கும் ஆகி வருவது இயல்பே. சம்மதம் என்ற கருத்து பின்னே சென்று மறைய, விடுதல் என்ற கருத்து முன்னே வந்து நின்றது.

இவை யாவும் அகராதிக்காரரின் ஆராய்ச்சி என்று நேயர்கள் ஒதுக்கிவிட வேண்டாம். பிறமொழி நாட்டில் வாழும் குடும்பத்துக்கு இது கைப்பொருளைத் தொடும் செய்தி. ‘மனை’ என்ற சொல்லை நோக்குக. தமிழில் இன்று மனை விற்பனைக்கு என்றால், வீடு கட்டுவதற்குரிய வெறு நிலம் என்றே பொருள். கன்னடத்தில் ‘மனெ’ என்றால் கட்டி முடித்த வீடு. வெறு நிலத்துக்கு அங்கே ‘நிவேசன’ என்று பெயர். இரண்டும் ஒரே சொல். விலையோ வேறு வேறு. பழந்தமிழில் மனை வீட்டையே குறித்தது; அரண்மனை, மனையறம், மனைவி என்னும் சொற்களில் அப்பொருள் இன்றும் தங்கியிருக்கிறது. வாழ்நாள் சேமிப்பைக் கொண்டு இந்நகரில் ஓர் இருப்பிடம் தேடும் தமிழர், பத்திரத்தில் கையெழுத்திடுமுன் அந்த ஒரு சொல்லின் கன்னடப் பொருளைக் கேட்டறிந்துகொள்வது இன்றியமையாதது.

பொருளினும் பெரிய செய்தி ஒன்று உண்டு. 1809-ஆம் ஆண்டில் பெங்களூரில் இராணுவக் குடியிருப்பு அமைந்தது முதல், தமிழர் தலைமுறை தலைமுறையாக இங்கே வாழ்ந்து வருகின்றனர். அவர்தம் பிள்ளைகளின் தமிழில் கன்னடச் சொற்களும் கன்னடப் பொருள்களும் கலந்து வருகின்றன. ‘மனை’ என்று சொல்லி வீட்டைக் கருதும் குழந்தையை, ஊரிலிருந்து வரும் உறவினர் நகையாடுகின்றனர். நகையாட்டுக்கு அஞ்சிய குழந்தை தமிழ் பேசுவதையே குறைத்துக்கொள்கிறது. இழப்பு அங்கேதான் நேர்கிறது. அக்குழந்தை கருதும் பொருள் பழந்தமிழின் பொருளே என்று எடுத்துக் கூறினால், நகைப்பு நிற்கும். குழந்தைக்கும் இரு மொழியின் மேலும் பற்று வளரும். இன்றைய தமிழ்நாட்டு வழக்கில் மனை வேறு பொருளில் வழங்குகிறது என்பதையும் உடன் கற்பிக்க வேண்டும் என்பதில் ஐயமில்லை. திருத்துவது தேவை, இழித்துரைப்பது தேவையன்று.

இனி, தொடக்கத்தில் கூறிய வழக்குக்குத் தீர்ப்பு எளிது. பள்ளியைக் கன்னடர் சிதைக்கவில்லை. ஹள்ளியைத் தமிழர் பாடசாலைக்குத் திருப்பவும் இல்லை. தங்குமிடம் என்று பொருள்பட்ட ஒரு பழஞ்சொல்லை இரு மக்களும் பெற்றனர். ஒருவர் அங்கே துறவியரைத் தங்கச் செய்து, பின் மாணவரை அமர்த்தினர். மற்றவர் உழவரைக் குடியேற்றினர். சொல் தன்னளவில் எதையும் சுமந்து வரவில்லை. அவ்வம்மக்கள் நடத்திய வாழ்க்கையே அதன் பொருளாக வந்து சேர்ந்தது. எனவே அயல்மொழிச் சொல் ஒன்று நம் சொல்லைப் போல் ஒலிக்கும்போது, அது யார் வழங்கியது, எவ்விடத்தில் வழங்கியது, எக்காலத்தில் வழங்கியது என்று கேட்டறிதல் வேண்டும். விடை பெரும்பாலும் நூலகம் வரை சென்று தேட வேண்டியதன்று. அடுத்த வீட்டுக் கன்னடப் பெரியவரிடம், ‘உங்கள் ஊரில் இதற்கு என்ன சொல்வீர்கள் ஐயா?’ என்று அன்போடு கேட்டால், அவர் ஒரு சொல்லுக்கு ஒன்பது சொல் தருவார். அவற்றுள் சில நம் பாட்டனார் வழங்கியவையாகவும் இருக்கும்.